ரிப்போர்ட்டில் 4.4 செ.மீ. பெருந்தமனி: அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே கணக்கா?

எழுபதை நெருங்கும் ஒரு தம்பதி. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் இருவருக்கும் ஒரே வரி வந்திருக்கிறது: "மேலேறும் பெருந்தமனி 4.4 செ.மீ., விரிவு உள்ளது." இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய்தான் பெருந்தமனி, அதன் முதல் பகுதி மேலேறும் பகுதி. ஆலோசனையும் ஒன்றுதான். வருடம் ஒருமுறை பாருங்கள், 5.5 வந்தால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். அப்பா 175 செ.மீ. உயரம், 80 கிலோ. அம்மா 150 செ.மீ., 48 கிலோ. இவ்வளவு வித்தியாசமான இரண்டு உடல்களுக்கு ஒரே எண்ணில் கோடு போடுவது சரியா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் உயரத்தால் வகு, உடல் பரப்பளவால் வகு, இசட் ஸ்கோர் பார் என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். எதை நம்புவது?

இந்த அளவுகோல்கள் எல்லாமே ஆராய்ச்சியில் இருந்து வந்தவை. ஆனால் ஒரே அம்மாவுக்கு அவை சொல்லும் பதில்கள் ஒரு செ.மீ.க்கும் மேல் விலகி நிற்கின்றன. ஆகவே எந்த இடத்தில் எந்த அளவுகோல் என்று தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும்.

முதலிலேயே ஒரு எல்லை. மார்பன் போன்ற பரம்பரை நோய் உள்ளவர்கள், இருமடல் வால்வு (பெருந்தமனி வால்வில் பிறவியிலேயே மூன்றுக்குப் பதில் இரண்டு மடல்) உள்ளவர்கள், குடும்பத்தில் பெருந்தமனி கிழிந்து யாராவது இறந்தவர்கள் ஆகியோருக்கு வரம்புகள் வேறு. கீழே வருவது அப்படி எதுவும் இல்லாமல், வயதோடு பெருந்தமனி விரிந்த மூத்தவர்களுக்கானது.

## ஆணுக்கும் பெண்ணுக்கும் இயல்பிலேயே எவ்வளவு வித்தியாசம்?

அமெரிக்காவில் தலைமுறைகளாக நடந்துவரும் ஃபிரேமிங்ஹாம் இதய ஆய்வில், சி.டி. ஸ்கேன் மூலம் எடுத்த சராசரிகள் ஏறக்குறைய இப்படி: மேலேறும் பெருந்தமனி ஆண்களுக்கு 34.1 மி.மீ., பெண்களுக்கு 31.9 மி.மீ. முதுகை ஒட்டிக் கீழிறங்கும் பகுதி 25.8, 23.1. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, வயிற்றுப் பகுதியில், 19.3, 16.7.

இந்த எண்களை மில்லிமீட்டரில் படித்தால் எல்லா இடத்திலும் இரண்டு, மூன்று மி.மீ. வித்தியாசம் என்று தோன்றும். விகிதமாகப் பார்த்தால் கதை மாறுகிறது. இதயத்திலிருந்து புறப்படும் இடத்தில் ஆணின் குழாய் பெண்ணுடையதை விட 7 சதவீதம்தான் பெரிது. வயிற்றுக்கு வரும்போது அந்த இடைவெளி 15 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒரே திருத்தம் போதாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

வயதும் சேர்கிறது. இதயத்தை ஒட்டியுள்ள பெருந்தமனியின் அடிப்பகுதி பத்து ஆண்டுகளுக்கு ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக விரிகிறது. ஆண்களில் இந்த வேகம் கொஞ்சம் அதிகம். சுவருக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் இழைகள் கோடிக்கணக்கான துடிப்புகளில் தேய்ந்து முறிகின்றன, அந்த இடத்தைக் கெட்டியான கொலாஜன் பிடிக்கிறது, குழாய் அகலமாவதோடு நீண்டு வளையவும் செய்கிறது. எழுபது வயதில் 3.7 என்பது முப்பது வயதில் 3.7 என்பதற்குச் சமமில்லை. இன்னொன்று: ஒரே வயது, ஒரே உயரம், ஒரே எடை உள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டாலும் அடிப்பகுதியில் சுமார் 2 மி.மீ. வித்தியாசம் மிஞ்சுகிறது. அதாவது இது உடம்பின் அளவு மட்டும் செய்யும் வேலை இல்லை.

## எதை வைத்து அளவுகோல்களை எடைபோடுவது?

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். கிழிசலையோ வெடிப்பையோ முன்கூட்டிச் சொல்வதில் அது எவ்வளவு நம்பகம்? சிறிய உடலுக்கு நியாயம் செய்கிறதா? வயதாகி எடையும் உயரமும் மாறும்போது, பெருந்தமனி மாறாமலே எண் மட்டும் மாறிவிடுமா? அடுத்த வருடம் வேறொருவர் அளந்தாலும் அதே எண் வருமா?

கேட்க மறக்கும் ஐந்தாவது ஒன்றும் உண்டு: அந்த அளவுகோல் ஆபரேஷனை முன்னே இழுத்தால், ஆபரேஷனின் ஆபத்து அந்த ஆளுக்கு எவ்வளவு? வரம்பைக் குறைப்பது எப்போதுமே பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம். எழுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி, பெருந்தமனியை மாற்றுவதும் ஓர் ஆபத்துதான்.

## வழி 1: எல்லோருக்கும் ஒரே சென்டிமீட்டர்

அமெரிக்க இதயவியல் கல்லூரியும் அமெரிக்க இதயச் சங்கமும் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மேலேறும் பெருந்தமனிக்கு அறுவை சிகிச்சை வரம்பு 5.5 செ.மீ. அனுபவமுள்ள சர்ஜன்களும் பல்துறைக் குழுவும் இருக்கும் இடத்தில் 5.0-லேயே செய்வது நியாயம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டிலும் ஆண், பெண் பிரிவினை கிடையாது.

இதன் பலம் எளிமை. கணக்குப் போடத் தேவையில்லை, எடை பார்க்கத் தேவையில்லை, எந்த ஊர் டாக்டரிடம் காட்டினாலும் ஒரே அர்த்தம். இதற்குப் பின்னால் உள்ள அனுபவமும் அதிகம்: ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 5.5-ஐத் தாண்டிய பிறகு கிழிசலும் வெடிப்பும் சட்டென்று கூடுவதைக் கண்டார்கள். ஆனால் வயிற்றுப் பெருந்தமனிக்கு நடந்ததுபோல, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறு பாதிக்குக் கண்காணிப்பு என்று குலுக்கிப் பிரித்த சோதனையிலிருந்து பிறந்த எண் இல்லை இது.

பலவீனம் சிறிய உடல்களில் தெரிகிறது. கடும் கிழிசலோடு வந்தவர்களைப் பதிவுசெய்யும் சர்வதேசப் பதிவேட்டில், மேலேறும் பகுதி கிழிந்தவர்களில் ஏறக்குறைய அறுபது சதவீதம் பேருக்கு அளவு 5.5-க்குக் கீழேதான் இருந்தது. அதுவும் கிழிந்த பிறகு எடுத்த அளவு. கிழியும்போதே குழாய் கணிசமாக விரிந்துவிடும் என்பதால், அதற்கு முந்தைய நாள் அளந்திருந்தால் இன்னும் சிறிய எண்தான் வந்திருக்கும். அந்தப் பதிவேட்டில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆண்களைவிட அவர்களுக்கு வயது அதிகம், நோய் கண்டுபிடிக்கத் தாமதம் அதிகம், இறப்பும் அதிகம்.

இந்தப் புள்ளிவிவரத்தை வைத்து "5.5 வரம்பே தப்பு" என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. 4 செ.மீ. அளவில் பெருந்தமனி உள்ளவர்கள் எண்ணிக்கை மிக அதிகம், 6 செ.மீ. உள்ளவர்கள் மிகக் குறைவு. அதனால் ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைவாக இருந்தாலும், சிறிய அளவுகளிலிருந்து வரும் கிழிசல்களின் கூட்டுத்தொகை பெரிதாகத்தான் இருக்கும்.

ஒரே எண் பொருந்தும் இடம்: சராசரி உயரமும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள், 5.5-ஐ ஏற்கெனவே தொட்டுவிட்ட யாராக இருந்தாலும்.

இதே வகையில் சின்னத் திருத்தம் ஒன்றும் உண்டு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், பெருந்தமனியின் அடிப்பகுதி "விரிந்தது" என்று சொல்ல ஆண்களுக்கு 40 மி.மீ., பெண்களுக்கு 36 மி.மீ. என்று இரண்டு எண் தருகிறது. இது கண்காணிப்பைத் தொடங்குவதற்கான கோடு. ஆபரேஷன் கோட்டோடு குழப்பிக்கொண்டு, அம்மாவுக்கு 37 என்று வந்ததும் பதற வேண்டாம்.

## வழி 2: உடல் பரப்பளவால் வகுத்தல்

பெருந்தமனியின் விட்டத்தை உடலின் மேற்பரப்பால் வகுப்பது. செ.மீ. உயரத்தையும் கிலோ எடையையும் பெருக்கி, 3600-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் பரப்பளவு சதுர மீட்டரில் கிடைக்கும். நம் அம்மாவுக்கு 1.41, அப்பாவுக்கு 1.97. ஆகவே 4.4 செ.மீ. என்பது அம்மாவுக்கு 3.12 ஆகவும் அப்பாவுக்கு 2.23 ஆகவும் மாறுகிறது. 2022 வழிகாட்டுதலில் 3.08-ஐத் தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று இருக்கிறது. அம்மா தாண்டிவிட்டார், அப்பா கிட்டேயே இல்லை.

யேல் பல்கலைக்கழகக் குழு 2006-இல் இந்தக் குறியீட்டை முன்வைத்தபோது அதன் நோக்கமே சிறிய உடல் கொண்டவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, நியாயம் செய்வதுதான். அதில் வெற்றியும் கிடைத்தது. ஆனால் மூத்த வயதில் இதற்கு ஒரு மறைமுகச் செலவு உண்டு, அது எடை.

அதே அம்மா 48 கிலோவுக்குப் பதிலாக 72 கிலோ இருந்தால் பரப்பளவு 1.73, குறியீடு 2.54. பெருந்தமனி ஒரு இம்மிகூடச் சுருங்கவில்லை, கொழுப்பு கூடியதற்கே "ஆபத்து குறைந்துவிட்டது". மறுபக்கம், நோயில் மெலிந்து 40 கிலோவுக்கு இறங்கினால் குறியீடு 3.4. இப்போது ஆபரேஷன் பேச்சு சூடுபிடிக்கும், ஆபரேஷனைத் தாங்கும் உடம்போ முன்பைவிட நலிந்திருக்கும்.

கணக்கிலேயே ஒரு கோணல் இருக்கிறது. விட்டம் ஒரு நீளம். அதைப் பரப்பால் வகுக்கிறோம். உடம்பு பெரிதாகும் வேகத்தில் பரப்பு கூடும், பெருந்தமனி அதே வேகத்தில் கூடாது. விளைவு, சிறிய உடலுக்கு ஆபத்தைக் கூட்டியும் பெரிய உடலுக்குக் குறைத்தும் காட்டும். அம்மாவின் 3.12 அப்பாவுக்கு வரவேண்டுமானால் அவருடைய பெருந்தமனி 6.1 செ.மீ. இருக்கவேண்டும். அம்மாவின் 4.4-உம் அப்பாவின் 6.1-உம் ஒரே ஆபத்து என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

பரப்பளவு பொருந்தும் இடம்: உயரத்துக்கேற்ற எடை, சில வருடங்களாக மாறாத எடை, சிறிய உடல். பருமனானவருக்கு இதைவைத்து ஆறுதல் சொல்வதுதான் இதன் மிக மோசமான பயன்பாடு.

## வழி 3: உயரத்தால் வகுத்தல்

யேல் குழுவே 2018-இல் எடையைத் தூக்கி எறிந்துவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தது. ஆபத்தை முன்னறிவதில் அது பரப்பளவுக் குறியீட்டுக்குக் குறைவாக இல்லை. செ.மீ. விட்டத்தை மீட்டர் உயரத்தால் வகுக்கவேண்டும், அவ்வளவே. அம்மாவுக்கு 2.93, அப்பாவுக்கு 2.51. வழிகாட்டுதல் வரம்பு 3.21. இருவரும் கோட்டுக்குக் கீழே, ஆனால் அம்மா பக்கத்தில் இருக்கிறார்.

எடை ஏறினாலும் இறங்கினாலும் இந்த எண் அசையாது. மூத்தவர்களுக்கு இது பெரிய வசதி. அம்மாவின் 2.93 அப்பாவுக்கு 5.1 செ.மீ. ஆகிறது. "அம்மாவின் 4.4 ஏறக்குறைய அப்பாவின் ஐந்துக்குச் சமம்" என்பது நம்பும்படியான வாக்கியம்.

குறை இல்லாமல் இல்லை. மாதவிடாய் நின்ற பின் எலும்பு தேய்ந்து, முதுகெலும்புக் கட்டைகள் அமுங்கி, கூன் விழும் பெண்கள் சில செ.மீ. உயரத்தை இழக்கிறார்கள். 155 இருந்தவர் 150 ஆனால் குறியீடு 2.84-இலிருந்து 2.93 ஆகிவிடும், பெருந்தமனியில் ஒன்றும் நடக்காமலே. ஒவ்வொரு முறையும் புதிதாக உயரம் எடுத்துக் கணக்குப் போட்டால் இந்தப் பொய் வளர்ச்சி ரிப்போர்ட்டில் ஏறும். பழைய ஆவணங்களில் உள்ள நடுவயது உயரத்தையே எல்லா வருடமும் பயன்படுத்துவது நல்லது. எடையால் வரும் குழப்பத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம்.

இதன் கிளையாக இன்னொரு கணக்கு: பெருந்தமனியின் குறுக்குவெட்டுப் பரப்பை உயரத்தால் வகுப்பது, வரம்பு 10. அம்மாவுக்கு 10.1, அப்பாவுக்கு 8.7. சராசரியைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குட்டையாகவோ நெட்டையாகவோ உள்ளவர்களுக்கு என்றுதான் 2022 வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. ஏன் அந்தக் கட்டுப்பாடு என்பதைக் கீழேயுள்ள பட்டியலின் கடைசி வரி காட்டும்: எல்லோருக்கும் போட்டால் அப்பாவையும் 4.7-லேயே ஆபரேஷன் மேசைக்கு அழைத்துவிடும்.

| அளவுகோல் | வரம்பு | அம்மாவுக்கு (150 செ.மீ., 48 கிலோ) | அப்பாவுக்கு (175 செ.மீ., 80 கிலோ) | எங்கே ஏமாற்றும் |
|---|---|---|---|---|
| ஒரே எண் | 5.5 (சில மையங்களில் 5.0) | 5.5 | 5.5 | சிறிய உடலில் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் |
| பரப்பளவு | 3.08 | 4.4 | 6.1 | எடை மாறினால் எண் மாறும் |
| உயரம் | 3.21 | 4.8 | 5.6 | மூப்பில் உயரம் குறைந்தால் எண் கூடும் |
| குறுக்குவெட்டு ÷ உயரம் | 10 | 4.4 | 4.7 | சராசரி உயரத்தாருக்கு அவசரப்படும் |

அம்மாவின் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். 5.5, 4.4, 4.8, 4.4. ஒரே ஆளுக்கு நான்கு விதிகள் சொல்லும் ஆபரேஷன் எல்லைகள் இவை. அப்பாவுக்குப் பரப்பளவுக் கோடும் உயரக் கோடும் 5.5-க்கு மேலே விழுகின்றன, எனவே அவருக்கு அவை தேவையே இல்லை.

## வழி 4: இசட் ஸ்கோர்

அதே வயது, அதே பால், அதே உடல் அளவு உள்ள ஆரோக்கியமானவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று சொல்லும் எண். 2-க்கு மேல் என்றால் நூறு பேரில் மேல்முனையில் உள்ள இரண்டு, மூன்று பேருக்குள் வருகிறீர்கள் என்று அர்த்தம். ஆண், பெண் வித்தியாசத்தை நேராகக் கணக்கில் எடுப்பது இதுதான். குழந்தைகளுக்கும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும் மிகவும் பயன்படும். மூத்தவர்களுக்கு? சூத்திரங்கள் பல, ஒவ்வொன்றும் வேறு ஸ்கோர் தரும். அவற்றிலும் எடை புகுந்திருக்கும். "இயல்பா, இல்லையா" என்பதற்குப் பதில் வரும், "எப்போது ஆபரேஷன்" என்பதற்கு வராது.

## வழி 5: வளரும் வேகம்

இந்த வருட எண்ணை விட, அது போன வருடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது. இதில் ஆணா பெண்ணா, குட்டையா நெட்டையா என்ற பிரச்சினையே எழுவதில்லை, ஒவ்வொருவரும் தம்மோடுதான் ஒப்பிடப்படுகிறார். ஒரே வருடத்தில் 5 மி.மீ., அல்லது அடுத்தடுத்த இரண்டு வருடங்களில் வருடத்துக்கு 3 மி.மீ. என்றால் 5.5-க்குக் கீழே இருந்தாலும் ஆபரேஷன் பேச்சைத் தொடங்கலாம் என்கிறது 2022 வழிகாட்டுதல். நெஞ்சுப் பகுதி வீக்கம் பெண்களிடம் வேகமாக வளர்கிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருப்பதால், சிறிய உடல் கொண்ட பெண்ணுக்கு நான் இதை உயரக் குறியீட்டுக்கு அடுத்த இடத்தில் வைப்பேன்.

ஆனால் இதற்கு ஒழுங்கான அளவீடு வேண்டும். பெரும்பாலான பயங்கள் இங்கேதான் பொய்யாகப் பிறக்கின்றன. போன வருடம் எக்கோ, இந்த வருடம் சி.டி. என்றால் 2, 3 மி.மீ. வித்தியாசம் எந்த வளர்ச்சியும் இல்லாமலே வரும். எக்கோவில் சுவரின் ஒரு விளிம்பிலிருந்து அளப்பார்கள், சி.டி.யில் சிலர் உட்சுவரிலிருந்து உட்சுவர்வரையும் சிலர் வெளிச்சுவர்வரையும் அளப்பார்கள். வெள்ளரிக்காயைச் சாய்வாக நறுக்கினால் வட்டம் நீள்வட்டமாகி அகலம் கூடுவதுபோல, வளைந்து நெளிந்த மூத்த பெருந்தமனியை ஸ்கேன் சாய்வாக வெட்டினால் பெரிதாகத் தெரியும். குழாயின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக அளந்த எண்தான் உண்மையான விட்டம். இதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுக்காத சி.டி.யில் அடிப்பகுதி மங்கலாகி, இன்னும் ஓரிரு மி.மீ. சேரும்.

நடைமுறையில் இதன் பொருள்: அளவு எகிறியதாக ரிப்போர்ட் வந்தால், பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே இடத்தில், ஒரே முறையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பல "வளர்ச்சிகள்" அந்த மேசையிலேயே காணாமல் போகும். இதற்காகவே எழுத்து ரிப்போர்ட்டோடு நிறுத்தாமல் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

## வயிற்றுப் பகுதியில் ஆட்டமே வேறு

வயிற்றுப் பெருந்தமனியில் 3.0 செ.மீ. வந்தால் வீக்கம் என்பது வழக்கம். 17 மி.மீ. இயல்பாக உள்ள பெண்ணுக்கு ஒன்றரை மடங்கு என்றால் 2.6-லேயே அது வீக்கம்தான். ஆனால் எல்லோரும் 3.0-ஐயே வைத்திருக்கிறார்கள், பெண்களிடம் சில வீக்கங்கள் பட்டியலுக்கே வராமல் போக இதுவும் ஒரு வழி.

ஆபரேஷன் கோடு ஆணுக்கு 5.5. இதற்கு ஆதாரம் உறுதியானது: 1998-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையும் 2002-இல் வெளியான அமெரிக்கச் சோதனையும், 5.5-க்குக் கீழே அவசரப்பட்டு ஆபரேஷன் செய்வதால் ஆயுள் கூடவில்லை என்று காட்டின. அமெரிக்கச் சோதனையில் பங்கேற்றவர்களில் 99 சதவீதம் ஆண்கள். பிரிட்டிஷ் சோதனையில் பெண்கள் ஆறில் ஒரு பங்குதான், ஆனால் அந்தச் சிறு கூட்டமே ஒரு செய்தி சொன்னது. ஒரே அளவு வீக்கத்தில் பெண்களுக்கு வெடிக்கும் ஆபத்து ஆண்களைவிட மூன்று, நான்கு மடங்கு. வெடிப்பதற்கு முன் அளந்த சராசரி ஆண்களுக்கு 6 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. பிறகு பல நாட்டு நோயாளிகளின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் வளரும் வேகத்தில் பெரிய பால் வித்தியாசம் இல்லை, வெடிப்பதில் மட்டும் அதே இடைவெளி இருந்தது. அதனால் இரத்தநாள அறுவை சிகிச்சைச் சங்கங்கள் பெண்களுக்கு 5.0 என்ற கோட்டை ஏற்றன.

அப்படியானால் இன்னும் குறைத்து 4.5 என்று வைக்கலாமே? இங்கேதான் அந்த ஐந்தாவது கேள்வி கடிக்கிறது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்குப் பின் 30 நாட்களுக்குள் இறப்பு பெண்களுக்கு 5.4 சதவீதம், ஆண்களுக்கு 2.8. தொடை வழியாக ஸ்டென்ட் குழாய் செலுத்தும் முறையில் 2.3, 1.4. அந்த எளிய முறைக்கு உடலமைப்பு இடம்கொடுப்பது ஆண்களில் 54 சதவீதம் பேருக்கு, பெண்களில் 34 சதவீதம் பேருக்குத்தான். தொடைத் தமனி சிறிது, வீக்கத்துக்கு மேலே ஸ்டென்ட் பிடித்துக்கொள்ள வேண்டிய கழுத்து குட்டை, வளைவு அதிகம். வெடிக்கும் ஆபத்து அதிகம் உள்ள அதே உடம்பில் சரிசெய்யும் ஆபத்தும் அதிகம் என்பதால், கோடு நினைத்த அளவுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஸ்டென்ட் முறைக்கு உடலமைப்பு ஒத்துவரும் பெண்ணுக்கு 5.0 எனக்குச் சரியான கோடாகவே படுகிறது. திறந்த ஆபரேஷன் ஒன்றுதான் வழி, நுரையீரலும் சுமார் என்றால் 5.0 வந்ததும் தேதி குறிக்க அவசரப்பட வேண்டியதில்லை, சர்ஜனோடு இன்னொரு முறை உட்கார்ந்து பேசலாம்.

பரிசோதனை பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. இந்த வீக்கம் ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதால் பொதுப் பரிசோதனை ஆண்களுக்கே. பிரிட்டனில் 65 வயதில் ஆண்களை அழைக்கிறார்கள். நோய்த்தடுப்புப் பரிசோதனைகளைப் பரிந்துரைக்கும் அமெரிக்கப் பணிக்குழு 2019-இல், வாழ்நாளில் எப்போதாவது புகைபிடித்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிந்துரைத்தது. புகைக்காத, குடும்பத்தில் இல்லாத பெண்களுக்கு வேண்டாம் என்றது. புகைத்த அல்லது குடும்பத்தில் உள்ள பெண்களுக்கு ஆதாரம் போதாது என்று கைவிரித்தது. அந்த மூன்றாவது கூட்டத்தில் இருப்பவர் கேட்டு ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

## எந்த நிலையில் எதை எடுப்பது?

உயரமான ஆண், நெஞ்சுப் பகுதி 4.0 முதல் 4.9: ஒரே எண்ணும் வளரும் வேகமும் போதும். குறியீடு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குட்டையான மூத்த பெண், 4.2-க்கு மேல்: உயரக் குறியீட்டை ரிப்போர்ட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். 3.0-ஐ நெருங்கினால், 5.5 வரட்டும் என்று காத்திருக்காமல் பெருந்தமனி ஆபரேஷன் நிறையச் செய்யும் மையத்தில் ஒருமுறை காட்டிவிடலாம். காட்டுவது வேறு, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்வது வேறு. நம் உதாரண அம்மாவுக்கு நான் சொல்வது இதுதான்: இரண்டு கணக்குகள் கோட்டைத் தாண்டுகின்றன, இரண்டு தாண்டவில்லை, ஆறு மாதத்தில் அதே முறையில் மறு ஸ்கேன், இடையில் சர்ஜன் கருத்து.

பருமனான பெண்ணோ ஆணோ: பரப்பளவுக் குறியீடு "நார்மல்" என்று வந்தால் அதை நம்பாதீர்கள். உயரம் மட்டும்.

எடை வேகமாகக் குறைந்தவர்: பரப்பளவு தரும் பயத்தையும் நம்பாதீர்கள். எடை ஏன் குறைந்தது என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

வால்வுக்காகவோ அடைப்புக்காகவோ எப்படியும் நெஞ்சைத் திறக்கப் போகிறவர்: எல்லாக் கோடுகளும் கீழே இறங்கும். பெருந்தமனி வால்வு ஆபரேஷன் என்றால் 4.5-லேயே, மற்றவற்றுக்கு 5.0-இல், பெருந்தமனியையும் சேர்த்து மாற்றுவது பற்றிப் பேசுவார்கள், ஏனென்றால் திறக்கும் ஆபத்து ஏற்கெனவே கணக்கில் வந்துவிட்டது.

வயிற்றுப் பகுதி வீக்கம்: குறியீடுகளை மறந்துவிடுங்கள். ஆணுக்கு 5.5, பெண்ணுக்கு 5.0, கூடவே ஸ்டென்ட் முறைக்கு உடலமைப்பு ஒத்துவருமா என்ற சி.டி. பதில்.

எந்த அளவுகோல் என்றாலும் மாறாத சில வேலைகள் இருக்கின்றன. புகைப்பவரின் வயிற்று வீக்கம் வேகமாக வளரும், வெடிக்கும் ஆபத்தும் ஏறக்குறைய இரட்டிப்பு. எந்தக் குறியீட்டைவிடவும் சிகரெட்டை நிறுத்துவது அதிக வித்தியாசம் செய்யும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கவேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கோ சளிக்கோ மருந்து எழுதும் டாக்டரிடம் பெருந்தமனி விரிவு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி இருக்கும்வரை தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது.

நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று, கிழிப்பதுபோல வலி வந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது. 4.1 என்றாலும் அவசரப் பிரிவுக்குத்தான் போகவேண்டும். மூத்த பெண்களிடம் இந்த வலி வாயுவாகவும் முதுகுப் பிடிப்பாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டு மணிக்கணக்கில் வீணாவது உண்டு. வாசலிலேயே "இவருக்குப் பெருந்தமனி விரிவு இருக்கிறது" என்று சொல்லி, பழைய ஸ்கேனைக் கையில் கொடுங்கள்.